கடைசிக் காட்சியில் ஒரு ஜோடிச் செருப்பு

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தியேட்டரில் ஒரே ஒரு தடவைதான். மற்றதெல்லாம் போனிலும், வேலை பார்க்கும் இடத்துக் கம்ப்யூட்டரிலும். படம் பிடித்துப்போய்ப் பார்க்கவில்லை. பயத்தில் பார்த்தேன். எனக்குப் பயம் வந்தால் கண்ணை மூடத் தெரியாது, பயந்த பொருளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன வயதில் ஊசி போடும்போதுகூட முகத்தைத் திருப்பாமல் ஊசியையே பார்ப்பேனாம். அதைத் தைரியம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் சாத்தூரில் குடியிருக்கிறோம். நான் தினமும் பஸ் பிடித்து சிவகாசிக்குப் போய் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறேன். என் கணவர் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவர் செய்கிற வெடிக்கு நான் சட்டை போட்டுவிடுகிறேன் என்று கல்யாணப் பந்தலிலேயே கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. மறுவாரம் அவர் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து சாயந்தரம் வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்குப் பயம்தான்.

எங்கள் பக்கத்தில் வெடிச் சத்தம் புதிதில்லை. கம்பெனிகளில் தினமும் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகூட அதற்கு முழிக்காது. சத்தம் காதில் கேட்டால் பயமில்லை, காலில் கேட்டால்தான் பயம். பெரிதாக ஏதாவது நடந்தால் முதலில் தரை அதிரும், அதற்கப்புறம்தான் காதுக்கு வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இங்கே பிறந்தவர்களுக்கு உள்ளங்காலுக்கே தெரியும்.

அந்தப் படத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகருக்குப் போனோம். கம்பெனி லீவு. நான் பட்டுச் சேலை கட்டாத குறையாகக் கிளம்பி நிற்கிறேன், அவர் வேலைக்குப் போட்டுப்போகும் பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். அதில் ஒரு கால் வார் அறுந்துபோய் வேறு வார் மாற்றியிருந்தார். ஒரு காலுக்கு நீல வார், இன்னொரு காலுக்குப் பச்சை வார்.

"இதப் போட்டுக்கிட்டா தியேட்டருக்கு வாரீக? பாக்குறவுக என்ன நினைப்பாக?"

"தியேட்டர்ல லைட்ட அமத்திருவான். எவன் என் காலப் பாக்கப் போறான்?"

வண்டியை எடுத்துவிட்டார். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவருக்கு என் திட்டு காற்றுச் சத்தம் மாதிரி, வண்டி ஓடும்வரை இருக்கும்.

படத்தின் கதை சுலபமானதுதான். நாயகனின் தம்பி ஒரு பஸ் விபத்தில் செத்துப்போகிறான். நாயகன் காலத்தில் பின்னால் போகிற ஒரு மிஷினைச் செய்து, தம்பியைக் காப்பாற்றக் கிளம்புகிறான். போனால் திரும்ப முடியுமா என்பது அவனுக்கே தெரியாது. மனைவி போகாதே என்று அழுகிறாள். 'விடியறதுக்குள்ள வந்துருவேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறான். தம்பியைக் காப்பாற்றியும் விடுகிறான். அதன் பிறகு வருகிறது கடைசிக் காட்சி.

விடிகிறது. மனைவி கதவைத் திறக்கிறாள். வாசலில் அவனுடைய செருப்பு கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு லேசாகச் சிரிக்கிறாள். உள்ளே போய் ஒரு டம்ளரில் காபி எடுத்துவந்து, செருப்புக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து குடிக்கிறாள். அவளுக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே இருட்டு. அவ்வளவுதான், திரை கறுத்துவிடுகிறது. நாயகனின் முகத்தைக் காட்டவே இல்லை.

திரும்பி வரும் வழியில் நாற்கரச் சாலை ஓரத்தில் ஒரு கடையில் டீ குடித்தோம்.

"அவன் வந்துட்டானா இல்லையா?" என்று கேட்டேன்.

"வந்துட்டான். இதுல என்ன சந்தேகம்? செருப்புக் கிடக்குல்ல."

"செருப்புக் கிடந்தா ஆளு வந்துட்டதா அர்த்தமா?"

"செருப்பு வெளிய கிடந்தா ஆளு உள்ள இருக்கான். எங்க கம்பெனியில வந்து பாரு."

அப்போதுதான் அவர் வேலை செய்யும் விதத்தை முதல் தடவையாக விளக்கிச் சொன்னார். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. உரசினால் போதும், பொறி கிளம்பிவிடும். எல்லாரும் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார்கள். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் இருக்கவும் கூடாது. ஆகவே அவர் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துத் தலையை எண்ணுவதில்லை. தூரத்திலிருந்தே வாசலைப் பார்ப்பார். நாலு ஜோடி கிடந்தால் சரி. ஐந்தாவது ஜோடி கிடந்தால் சத்தம் போடுவார். யாருடைய செருப்பு எது என்பது அவருக்கு அத்துப்படி. முகத்தைப் பார்க்காமலே யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாராம்.

"அந்த டைரக்டர் நம்ம ஊருக்காரனாத்தான் இருக்கணும்" என்று முடித்தார்.

எனக்கு மனசு ஆறவில்லை. "அவன் உள்ள இருந்தா அந்தப் பொம்பள ஏன் ஒரு டம்ளர்ல மட்டும் காபி கொண்டாந்தா? ரெண்டு டம்ளர்ல போட்டிருக்க வேண்டாமா?"

"அலுப்புல தூங்குவான். எம்புட்டு வருசம் பின்னால போயிட்டு வந்திருக்கான்!"

"போறப்ப செருப்ப வாசல்லயே விட்டுட்டுப் போயிருந்தா?"

"செருப்ப விட்டுட்டு வெறுங்காலோட எவனாவது வெளிய போவானா? டீ ஆறுது, குடி."

அவர் அதோடு படத்தை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. எங்கள் அச்சகத்தில் ஒருத்தியின் போனில் அந்தக் கடைசிக் காட்சி மட்டும் வந்திருந்தது. அதை வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். லேபிளில் ஒரு எழுத்து நூலளவு நகர்ந்திருந்தாலும் என் கண்ணுக்குப் பட்டுவிடும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு காட்சியைத் துண்டு துண்டாக நிறுத்தினேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், செருப்பை மட்டும் பெரிதாக்கினேன்.

செருப்பின் வாருக்கு அடியில் ஒரு காய்ந்த இலை சிக்கியிருந்தது. வந்து இறங்கியவன் கழற்றிப்போட்ட செருப்பில் இலை எப்படி வரும்? ராத்திரி முழுக்கக் கிடந்த செருப்பில்தானே வரும்? மிஷினில் ஏறும் காட்சியையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அதில் அவன் காலைக் காட்டவே இல்லை. வேண்டுமென்றே காட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து மேசைக்காரி, "லேபிள் ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, இவ சினிமாக்காரன் காலத் தேடிக்கிட்டு இருக்கா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

அன்று சாயந்தரம் அவர் வந்ததும் வராததுமாக இலையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு முகம் கழுவப் போனார். நான் விடாமல் பின்னாலேயே போனேன்.

"அவன் வரல. அந்தச் செருப்பு அவன் போறப்ப வாசல்ல விட்டுட்டுப் போன செருப்பு."

"சரி, வரல. இப்ப அதுக்கு என்ன பண்ணணுங்கிற?"

துண்டால் முகத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். நான் கேட்டது சினிமாக்காரனைப் பற்றி இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. தீபாவளி சீசன் ஏறிக்கொண்டிருந்தது. ஆர்டர் முடியவில்லை என்று கம்பெனியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள், வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. அந்த மாதிரி நாட்களில்தான் ஏதாவது நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

"நான் சாயந்தரமானா வந்துருவேன். தினமும் வாரேன்ல?" என்றார்.

அந்த நாயகன் சொன்னதையே இவரும் சொன்னார். சாப்பாட்டை எடுத்துவைக்கப் போய்விட்டேன்.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு முற்பகல். நான் ஒரு புஸ்வாணப் பெட்டிக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன். முதலில் என் காலுக்குத்தான் தெரிந்தது. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்வது என் வழக்கம். சிமெண்டுத் தரை உள்ளங்காலுக்கு அடியில் ஒரு தடவை குலுங்கியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அச்சு மிஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். அத்தனை மிஷினும் நின்ற அமைதியை அங்கே அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

எல்லாரும் மாடிக்கு ஓடினோம். கிழக்கே புகை எழும்பியிருந்தது. சாத்தூர்ப் பக்கம். ஆளாளுக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊர்ப்பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அவர் போனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாட்ச்மேன் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுவார். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வேறு கம்பெனியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். வேறு கம்பெனி என்றால் வேறு ஒருத்தியின் புருஷன் என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்துதான் வேண்டினேன். பயத்துக்கு நியாயம் தர்மம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியாகத் தாண்டத் தாண்ட புகை நேராக எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டே வந்தது. அவருடைய கம்பெனிதான்.

கேட்டில் கூட்டம். உள்ளே இன்னும் சரவெடி மாதிரி விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி ஒன்று உள்ளே போயிருந்தது. வாட்ச்மேன் ரூமில் ஆள் இல்லை. மேசை மேல் அந்தப் பெட்டி இருந்தது, அதற்குள் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. சினிமாப் பாட்டு, சாமி பாட்டு, குழந்தை சிரிக்கிற சத்தம், எல்லாம் கலந்து. நான் அடித்தபோதெல்லாம் இங்கேதான் அடித்திருக்கிறது.

கேட்டுக்குள் விடவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். உள்ளே ஓர் அறை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம்தான் இருந்தது. அதற்கு அடுத்த அறை, பெயருக்கு ஒரு சுவர் மட்டும் நிற்க, கூரையோடு உள்பக்கமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அதன் வாசல் அப்படியே இருந்தது. எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வாசலுக்கு முன்னால் செருப்புகள் கழற்றிவிட்டது மாதிரியே கிடந்தன. அதில் ஒரு ஜோடிக்கு ஒரு கால் நீல வார், இன்னொரு கால் பச்சை வார்.

செருப்பு வெளியே கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். அவர் குரலிலேயே கேட்டது. டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்ன அதே குரல். இடிந்து கிடந்த கூரையைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன், மறுபடி கூரையைப் பார்த்தேன். நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. கையில் வேலிக் கம்பி கிழித்த தழும்பு மட்டும் இருக்கிறது.

என் தோளை யாரோ பிடித்து உலுக்கினார்கள். கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. அவருடைய முகமெல்லாம் அலுமினியத் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"நீங்க போர்மேன் அண்ணே வீடுதான? ஏன் இப்படிக் கத்துறீக? அண்ணே அங்கன கண்மாய்க் கரையில இருக்காக."

"செருப்பு அங்க கிடக்கு" என்றேன்.

"செருப்ப விடுங்க! எல்லாருதும்தான் கிடக்கு. என் காலப் பாருங்க."

அந்த அக்காவின் காலில் செருப்பில்லை, ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அங்கே நின்ற யார் காலிலும் செருப்பில்லை. அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. தீ என்று கேட்டதும் எழுந்து ஓடுகிறவர்கள் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொள்வார்களா?

கண்மாய்க் கரையில் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்காலிலும் கருவேல முள். முள்ளுக்காட்டுக்குள் வெறுங்காலோடு ஓடியிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "நீ ஏன் இங்கன வந்த?" என்றார். நான் அவரை அடித்தேன். தோளில், முதுகில், கைக்கு எட்டிய இடத்திலெல்லாம். "செருப்ப ஏன் அங்க விட்டுட்டு வந்தீக? செருப்ப ஏன் விட்டுட்டு வந்தீக?" என்று அதையே சொல்லிச் சொல்லி அடித்தேன். சுற்றி இருந்தவர்கள் தடுக்கவில்லை. அவரும் தடுக்கவில்லை.

முதலில் தீப்பிடித்த அறையிலிருந்த இரண்டு பெண்கள் வரவே இல்லை. அவர் தீயைப் பார்த்துக் கத்தியதால்தான் மற்ற அறைக்காரர்கள் வெளியே வந்தார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. வீட்டில் ஜன்னலோரம் உட்கார வைத்து ஊக்கால் முள் எடுத்தேன். பிறகு ஒருநாள், கிடந்த செருப்புகளை வாட்ச்மேன் பொறுக்கித் திண்டில் வைத்திருந்ததாகவும், அவரவர் வந்து அவரவருடையதை எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். இரண்டு ஜோடி மட்டும் அங்கேயே இருந்ததாம். தன்னுடையதை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

விசாரணையெல்லாம் முடிந்து கம்பெனி மறுபடி திறக்கப்போகிறது என்று தகவல் வந்தது. போக வேண்டாம் என்றேன். எங்கள் அச்சகத்தில் பைண்டிங்குக்கு ஆள் கேட்கிறார்கள் என்றேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன்.

"நான் போகலன்னா வேற ஒருத்தன் போர்மேனா வருவான். அந்த ரூமுகளப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு நான் கத்துனேன், ஓடுனாக. அவன் கத்துவானா?" என்றார்.

படத்தில் தம்பியைக் காப்பாற்றப் போனவனை அந்தப் பெண்ணாலும் தடுக்க முடியவில்லை. அழத்தான் முடிந்தது.

திறந்த அன்று காலையில் அவரை வழியனுப்ப நான் வெளியே வரவில்லை. வர மாட்டேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். அச்சகத்துக்கும் லீவு சொல்லிவிட்டேன். அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றபடி வண்டி கிளம்புவதைக் கேட்டேன். தெரு முனை திரும்பும்வரை சத்தம் கேட்டது. அது முற்றிலும் அடங்கிய பிறகுதான் போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. நீல வார் ஒன்று, பச்சை வார் ஒன்று. பையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, உள்ளே ஆள் இருக்கும்போது கிடக்கிற மாதிரியே வைத்திருந்தார். கம்பெனியில் எப்படியும் கழற்றத்தான் போகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, முள் குத்தின அந்தக் காலோடு வெறுங்காலில் வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார். வெறுங்காலோடு எவனாவது வெளியே போவானா என்று என்னிடம் கேட்ட மனுஷன்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட்டாரா? பிறகு அங்கேயே நின்று அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் தானாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இலையையும் காலையும் தேடிக் காட்சியை அத்தனை தடவை பார்த்தேனே, அந்தப் பெண்ணின் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

எதிர்வீட்டுப் பெண் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தாள்.

"என்ன மதினி, அண்ணே இன்னைக்கு வேலைக்குப் போகலையா? செருப்புக் கிடக்கு?"

"உள்ளதான் இருக்காக" என்றேன்.

உள்ளே போய் ஒரு டம்ளரில் காபி எடுத்துவந்தேன். செருப்புக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இரண்டு உள்ளங்காலும் தரையில் நன்றாகப் படும்படி ஊன்றிக்கொண்டேன்.